நுரைக்குள் போன கருப்புக் குடை

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை குடும்ப விழா நடக்கும். நான் எடுத்த முதல் சிரிப்புப் படத்தை அங்கேதான் போட்டார்கள். கால் மணி நேரப் படம். கூடம் நிறைய ஆட்கள், அவர்களின் குடும்பங்கள், குழந்தைகள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்தக் கதவைப் பூட்டியிருந்தார்கள்.

படத்தில் வசனம் மோசமில்லை. நடித்தவர்களும் நன்றாகத்தான் நடித்தார்கள். ஆனால் நான் எல்லோருடைய முகத்தையும் திரை நிறையக் காட்டியிருந்தேன். ஒருவர் வழுக்கி விழுந்தால் முதலில் அவர் கண், பிறகு செருப்பு, பிறகு வாழைப்பழத் தோல், மறுபடியும் கண் என்று துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் சேர்த்திருந்தேன். இங்கே சிரியுங்கள், இப்போது சிரியுங்கள் என்று பார்ப்பவர்களின் தோளைப் பிடித்து உலுக்கியது மாதிரி இருந்தது அது.

எது சிரிப்பு என்று எனக்குக் காட்டியது எங்கள் செக்யூரிட்டி அறைதான். ஒரு மழைநாளில் அங்கே பெரிய கூட்டம், வெளியே கேட்கும்படி சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். வாசல் கேமராவில் பதிவான காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய அதிகாரி புதுச் செருப்போடு வருகிறார். வழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. இடப்பக்கம் சுற்றிப் பார்க்கிறார், வலப்பக்கம் சுற்றிப் பார்க்கிறார், பின்னால் போய் நிதானித்து ஓடிவந்து தாண்டுகிறார். நட்டநடுத் தண்ணீரில் இறங்குகிறார். பிறகு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, சீப்பை எடுத்துத் தலை வாருகிறார். சத்தம் இல்லை, வெட்டு இல்லை. உயரத்தில் அசையாமல் நிற்கிற ஒரு கேமரா, முழு ஆள், முழு வாசல். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு தள்ளி நிற்கிறது, படச் சட்டத்துக்குள் காலியிடம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள், சிரிக்க வைக்கும் ஆள் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார், அவருக்குப் பின்னால் என்ன நிறம் என்று கவனித்தேன். நல்ல வசனம் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் நல்ல காட்சி சிரிக்க வைத்துவிடும் என்று எனக்குப் பட்டது. அடுத்த படத்தை அப்படித்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கேமராவுக்கு ஒரு பெண் கிடைத்தாள். சிங்காரப்பேட்டைக்காரி, கல்யாண வீடியோ எடுப்பவள். கதாநாயகன் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தொப்பை, எதற்கும் சிரிக்காத முகம். வீட்டில் தெலுங்கு பேசுபவர். அவர் சும்மா நடந்து போவதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அவர் மனைவி எங்கள் படப்பிடிப்புக்கெல்லாம் களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். புருஷன் செய்வதைப் பார்த்து முதலில் சிரிப்பது அவர்தான். அவர் சிரித்தால் காட்சி தேறிவிட்டது என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம்.

கதை எளிமையானது. வயது கடந்த ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகிறார். போகிற வழியெல்லாம் தடை. அதில் ஒரு தடை, கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஒரு தரைப்பாலம்.

மேலே கர்நாடகப் பக்கம் மழை பெய்து அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கழிவு கலந்த ஆற்றில் நுரை வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சோப்பு நுரை மாதிரி வெள்ளை வெளேரென்று மலையாகக் குவியும். பார்ப்பதற்குப் பனி. கிட்டே போனால் மூக்கை எரிக்கும் நாற்றம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம். காற்றடித்தால் அது தானாக எழுந்து நகர்வது பிடிக்காது. உயிர் இருப்பது போலத் தோன்றும்.

ஆனால் காட்சியாக யோசித்தபோது ஆசை வந்துவிட்டது. வெள்ளை நுரை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் விரித்த கருப்புக் குடை. இடுப்பளவு நுரைக்குள் மாப்பிள்ளை இறங்குவார், கொஞ்ச தூரத்தில் குனிந்துகொள்வார், வெள்ளைக்கு மேல் கருப்புக் குடை மட்டும் மெதுவாக நடந்து போகும். மறுகரையில் அவர் வெளியே வருவார். கேமரா அசையவே கூடாது. இதைவிடச் சிரிப்பான காட்சி என் தலையில் அதுவரை வந்ததில்லை.

முந்தின நாள் போய்ப் பார்த்தோம். பாலத்தின் மேல் கணுக்கால் தண்ணீர், முழங்கால் நுரை. ஓட்டுநர் இரண்டு முறை நடந்து பார்த்தார். ஓரக் கற்கள் சில இடங்களில் உடைந்திருந்ததால், நின்றிருந்த கற்களில் எல்லாம் சிவப்புத் துணி கட்டினோம். அதைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை போனபோது சிவப்புத் துணி ஒன்றும் தெரியவில்லை. நுரை இடுப்பைத் தாண்டியிருந்தது. கரையில் வேடிக்கை பார்க்க ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"வேணாம்ணா. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்றேன்.

"இன்னொரு நாளு நுரை இருக்குமா மேடம்?" என்றார் ஓட்டுநர். "பஸ்ஸு ஓட்டறவனுக்கு ரோடு தெரியாதா? நேத்துதானே நடந்து பாத்தன். நேரா போயி நேரா வர்றதுதானே."

"எனக்குப் பயமா இருக்குண்ணா."

"உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல?" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் மனைவி, "மீசைக்கு மையி வெச்சிருக்கன், நுரை படாம போவச் சொல்லுங்க மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கேமராவைப் பார்க்கப் போனேன்.

வேன் கூரை மேல் கேமரா முக்காலியைக் கட்டி, கேமராக்காரப் பெண் மேலே நின்றாள். சட்டத்தின் கீழ்ப்பாதி முழுக்க நுரை. மேலே கொஞ்சம் மறுகரை, ஒரு மின்கம்பம், வானம். நான் கீழே மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஓட்டுநர் சட்டைக்குள் சின்ன மைக் வைத்திருந்தோம். அவர் நுரைக்குள் மறைந்த பிறகு முணுமுணுப்பு மட்டும் கேட்க வேண்டும் என்று. அந்தச் சத்தம் என் ஹெட்போனில் மட்டும் வரும்.

அவர் இறங்கினார். குடையை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் போவது மாதிரி நடந்தார். ஓட்டுநரின் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்போது அணைப் பக்கமிருந்து காற்று வந்தது. நுரை ஒரு சுவர் மாதிரி எழுந்து நகர்ந்து பாலத்தின் மேல் ஏறியது. அவர் குனிய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அந்த ஆறடி ஆள் முழுதாக மறைந்தார். வெள்ளைக்கு மேல் குடை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மானிட்டரில் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது அது. என் பக்கத்தில் அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெட்போனில் வசனம் வந்தது. "பொண்ணு வீட்டுக்காரங்களே, வந்துட்டே இருக்கன். காப்பிய ஆற வெச்சுடாதீங்க." பிறகு மூச்சுச் சத்தம். ஒரு இருமல்.

குடை நின்றது.

கரையில் சிரிப்பு இன்னும் பெரிதானது. நின்ற குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

"மேடம்" என்றது ஹெட்போன்.

எங்கள் கதையில் மேடம் என்று யாரும் இல்லை.

"மேடம். காலுக்குக் கீழ ரோடு இல்ல மேடம்."

அதன் பிறகு ஒரு பெரிய சத்தம், தண்ணீரை விழுங்கும் சத்தம், கரகரப்பு. பிறகு ஒன்றுமே இல்லை. மைக் நனைந்து செத்துவிட்டது.

நான் எழுந்து "நிறுத்து, நிறுத்து, விழுந்துட்டாரு" என்று கத்தினேன். என்னைப் பார்த்தும் சிலர் சிரித்தார்கள். இதுவும் படத்தில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். அவர் மனைவியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் மாறியதைப் பார்த்தேன். "அவருக்கு நீச்சலு தெரியாதே" என்றார் மெதுவாக, யாருக்கோ தகவல் சொல்வது போல. அடுத்த நொடி, "ஏமண்டி!" என்று புருஷனைக் கூப்பிட்டு அலறிக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடினார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் தக்காளிக்கு மருந்து தெளிக்க டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியோடு வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றிருந்தார். அவர்தான் குறுக்கே பாய்ந்து அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "பேடாம்மா, பேடா, போவாதீங்க! நுரைக்குள்ள போனா மூச்சு நின்னுடும். தண்ணி அடிச்சாத்தான் அது கரையும். விடுங்க, நான் அடிக்கிறன்." தொட்டியில் இன்னும் மருந்து கலக்கவில்லை, வெறும் தண்ணீர். அவர் மோட்டாரைப் போட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். இரண்டு பேர் பின்னால் கயிற்றோடு போனார்கள்.

"எங்க விழுந்தாரு? எங்க?"

எல்லோரும் குடையைக் காட்டினார்கள். "அங்க, அங்க, குடை அங்க கீது!" தோட்டத்துக்காரர் குடையைப் பார்த்துத் தண்ணீர் அடித்தார்.

வேன் மேலிருந்து அந்தப் பெண் இறங்கப் பார்த்தாள். "நானும் ஓடறங்க்கா."

"கேமராவைத் தொடாத! அசைக்காத, அப்படியே விடு!" என்று கத்தினேன்.

எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். காற்று குடையை உருட்டிக்கொண்டு போகிறது. கரையில் நிற்கிறவர்களுக்கு எல்லாமே ஒரே வெள்ளை, குடை மட்டும்தான் அடையாளம். ஆனால் மானிட்டரில் சட்டம் மாறவில்லை. குடை நின்றபோது அது அந்த மின்கம்பத்துக்கு நேர் கீழே இருந்தது. அது என் கண்ணில் பதிந்திருந்தது. நான் கம்பத்துக்குக் கீழே மட்டும் பார்த்தேன். நுரை முழுவதும் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஓர் இடம் மட்டும் போகவில்லை. அங்கே நுரையில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது, மூடியது, மறுபடியும் விழுந்தது.

"குடைய விடுங்க! திரும்புங்க! கரண்டு கம்பத்துக்கு நேரா!"

தோட்டத்துக்காரர் திரும்பினார். "இங்கயா?"

"இன்னும் உள்ள! இன்னும்! உங்க இடது கைப் பக்கம், ஓரத்துல!"

பள்ளம் விழுவது நின்றுவிட்டது. ஒரு அசைவும் இல்லாத வெள்ளையைப் பார்த்து, "அங்கேதான், அங்கேதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையிலேயே அங்கேதானா என்று எனக்குத் தெரியாது. தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஓட்டுநர் வேறெங்கோ மூழ்கிக்கொண்டிருப்பார். தண்ணீர் பட்ட இடத்தில் நுரை ஓட்டை ஓட்டையாகக் கரைந்தது. கருப்பாக ஏதோ தெரிந்தது. தலைமுடி. பிறகு ஒரு கை. உடைந்த ஓரக்கல்லை அந்தக் கை இறுகப் பிடித்திருந்தது.

கயிற்றோடு போனவர்கள் அவரை இழுத்துப் போட்டார்கள். பாலத்தை ஒட்டி மண் அரித்த பள்ளத்தில் மார்பளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார். தலைக்கு மேல் ஓராள் உயரத்துக்கு நுரை. கரைக்குத் தூக்கி வந்து கவிழ்த்துப் படுக்க வைத்தோம். முதலில் ஒன்றும் இல்லை. அவர் மனைவி அவர் முதுகில் அறைந்தார், மறுபடியும் அறைந்தார். அப்புறம்தான் ஓங்கரித்து வெள்ளையாகக் கக்கினார்.

வேனில் ஓசூர் மருத்துவமனைக்குப் போகும்போது நான் அவர் காலைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவர் மனைவி என் கையைத் தட்டிவிட்டார்.

"கேமராவத் தொடாதன்னு சொன்னியே. என் காதால கேட்டன். மனுசன் சாவறான், நீ படம் புடிக்கிறியா?"

"அப்படி இல்லக்கா..."

"பேசாத."

வழியெல்லாம் ஓட்டுநரின் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மருத்துவர், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் நுரையீரலுக்குள் என்ன போயிருக்கிறது என்று சொல்ல முடியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்தக் காத்திருப்பு, அவர் விழுந்த நேரத்தைவிட மோசம். வெளியே பெஞ்சின் ஒரு முனையில் அவர் மனைவி, மறுமுனையில் நான். கண்ணாடிக்குப் பின்னால் ஆக்சிஜன் முகமூடியோடு அந்தச் சிரிக்காத முகம். யாராவது நர்ஸ் வேகமாக நடந்தால் இருவரும் ஒன்றாக எழுந்தோம், ஒன்றாக உட்கார்ந்தோம்.

சில நாளில் மூச்சு சீரானது. வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, தோல் உரிந்து ஆறப் பல வாரம் ஆயிற்று. கொஞ்சம் கம்மிப்போன குரல் மட்டும் சரியாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமலே கேட்டார். "அந்தப் படத்த எனக்குக் காட்டு."

"வேணாங்க்கா. நானே அதப் பாக்கல."

"நான் பாக்கணும். சத்தத்தோட."

ஹெட்போன் கம்பியைச் சொருகிக் கொடுத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து பார்த்தார். நான் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். குடை நடக்கும்போது உதடு லேசாக விரிந்தது. பிறகு அது மூடிக்கொண்டது. காலுக்குக் கீழே ரோடு இல்லை என்று அவர் புருஷன் சொல்லும் இடத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேமராவின் சொந்த மைக்கில் கரைச் சத்தம் பதிவாகியிருந்தது. என் கத்தல், கரண்டு கம்பம், இடது கைப் பக்கம், எல்லாம். தலைமுடி தெரியும்வரை பார்த்தார். ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"நாங்கெல்லாம் அப்ப சிரிச்சுக்கிட்டு இருந்தமில்ல?"

"ஆமாங்க்கா."

"அவரு கூப்பிட்டது எனக்குக் கேக்கலியே."

"உங்களுக்குக் கேட்டிருக்காதுங்க்கா."

"மூஞ்சி தெரிஞ்சிருந்தா சிரிச்சிருக்க மாட்டன்" என்றார். பிறகு, "காப்பி வெச்சிருக்கியா?" என்று கேட்டார். அவர் என்னோடு சமாதானமானது அந்தக் காப்பியில்தான்.

அவர் சொன்னது என்னை விடவில்லை. அந்தக் காட்சி சிரிப்பாக இருந்ததற்குக் காரணமே முகம் தெரியாததுதான். கேமரா தள்ளி நின்றதுதான், அசையாமல் இருந்ததுதான். நான் ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் அதில் சரியாக அமைந்திருந்தது. சத்தமில்லாமல் அதைத் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் இப்போதும் சிரிப்பார். அதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஓட்டுநருக்கு மட்டும் அந்தக் காட்சியை விட மனசில்லை. "செத்துப் பொழச்சு எடுத்த ஷாட்டு மேடம், குடை நிக்கிறதுக்கு முன்னாடி வெட்டி வெச்சுக்கங்க" என்றார் கம்மிய குரலில். அவர் மனைவி முறைத்தார். மூன்று பேரும் உட்கார்ந்து அதை அழித்தோம். அழிக்கவா என்று கணினி கேட்டபோது பொத்தானை அழுத்தியது அந்த அம்மாதான்.

அந்த இடத்துக்கு வேறு காட்சி எடுத்தோம். மாநில எல்லைக்குப் போகும் சாலையில் சின்னச் சரக்கு வண்டிகள் வரிசையாக நிற்கும் இடம். மாப்பிள்ளை வண்டிகளுக்குப் பின்னால் நடக்கிறார், வண்டிக் கூரைகளுக்கு மேல் குடை மட்டும் போகிறது. கேமரா அதே தூரத்தில்தான், அசையாமல்தான். ஆனால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி விடச் சொன்னேன். ஒவ்வோர் இடைவெளியிலும் அவர் முழுசாகத் தெரிவார். முதலில் விறைப்பாக, அடுத்ததில் வேர்த்து, அதற்கடுத்ததில் மீசை மை கன்னத்தில் வழிய. குடை மட்டும் போன நேரங்களில் நான் மூச்சு விடவில்லை. முகம் தெரிந்ததும் விட்டேன்.

ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டோம். அந்தக் காட்சி வந்ததும் மண்டபம் சிரித்தது. முதல் இடைவெளிக்கே ஆரம்பித்து, மை வழியும் இடத்தில் குழந்தைகள் நாற்காலி மேல் ஏறி நின்று சிரித்தார்கள். நான் சுவரோரம் நின்று முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் வழக்கம்போலச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி திரையைப் பார்த்து எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் வலது கை புருஷனின் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. விளக்கு போட்டு, ஆட்கள் எழுந்து வந்து அவருக்குக் கை கொடுக்கும்போதும் அந்தக் கை பிடியை விடவில்லை.